எடைக்கு எடை வெல்லம்

இலையை மடிக்க நான் கை நீட்டும் கணத்தில் அக்காளின் இடக்கை வந்து அதன் மேல் பதியும். காற்றில் பறக்கப் போகும் தாளைப் பிடித்துக்கொள்பவளைப் போல, ஐந்து விரல்களையும் விரித்து இலையின் விளிம்பை அழுத்திக்கொள்வாள். வலக்கையில் கரண்டி ஆயத்தமாக இருக்கும். மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டு நெய்யில் பிரட்டிய சம்பா சோறு அதில் குவிந்திருக்கும். இலையின் மறுபக்கத்தில், சுட்ட கத்தரிக்காயைப் புளியில் மசித்துக் கொதிக்கவிட்ட கொத்சு ஏற்கெனவே இரண்டாம் முறையாக ஊற்றப்பட்டிருக்கும். “ஒரே ஒரு கரண்டிடா தம்பி. இதுல என்னா வந்துடப்போவுது?” என்பாள். அந்தக் கரண்டி விழுந்த பிறகும் கையை எடுக்க மாட்டாள். சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் இருக்கும் அவள் வீட்டில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், என் விருப்பப்படி ஓர் இலையை நான் மடித்ததில்லை. மடிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பியதும் இல்லை.

அக்காள் எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா பள்ளியொன்றில் ஆசிரியையாக இருந்தமையால், காலையில் என்னை உண்பித்து அனுப்பும் பொறுப்பு அவளுடையதாயிற்று. உண்பித்தல் என்பது அவளுக்கு வேலையாக இருந்ததில்லை. என்னோடு அவள் பேசும் மொழியாக இருந்தது. கோபம் வந்தால் குழம்பில் ஒரு கரண்டி குறையும். மகிழ்ந்தால் நெய் கூடும். அவள் திருமணமாகிச் சிதம்பரத்துக்குப் போன பிறகு அந்த மொழியை நாங்கள் விடுமுறை நாள்களுக்கென்று சேர்த்து வைத்துக்கொண்டோம். பின்னாளில் கடலூரில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பணி எனக்குக் கிடைத்து, தனியாளாக அங்கேயே தங்கிவிட்டேன். மாதத்தில் ஒரு ஞாயிறு பேருந்தேறி அவள் வீட்டுக்குப் போய், நெஞ்சு வரை உண்டு, கூடத்துத் தரையில் சற்றே கண்ணயர்ந்து, மாலையில் ஒரு தூக்குச் சட்டியோடு திரும்புவேன். ஆண்டுகள் ஏற ஏற என் உடம்பும் பருத்தது. அக்காள் அதைத் தன் கைராசி என்றாள்.

அவளுடைய இந்த மனத்துக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் அப்பா நெல்லிக்குப்பத்தில் கரும்பாலையில் வேலை பார்த்தவர். நான் அறிந்த அப்பா பருத்த உடம்பினர். மிதிவண்டியில் அவர் ஏறியமர்ந்தால் பின்சக்கரம் சற்றே நசுங்கும். எனக்குப் பள்ளியிறுதி ஆண்டு நடந்துகொண்டிருந்தபோது அவர் இளைக்கத் தொடங்கினார். முதலில் சட்டையின் கழுத்துப் பட்டி தளர்ந்தது. பிறகு கன்னம் ஒட்டியது. வயிற்றில் நோய் என்று மட்டும் மருத்துவர்கள் சொன்னார்கள்; அது என்ன நோய் என்பது சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அக்காள் கைக்குழந்தையோடு வந்து தங்கி, கஞ்சியும் குழைந்த சோறும் வடிகட்டிய சாறுமாகச் செய்து கொடுத்தாள். அவர் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கிண்ணத்தோடு அவள் அப்படியே நெடுநேரம் உட்கார்ந்திருப்பாள். அவர் போன பிறகு, எங்கள் வீட்டில் யாரும் இளைப்பது என்ற சொல்லை எளிதாகச் சொன்னதில்லை. பருத்த உடம்பு இருக்கும் உடம்பு. மெலிந்த உடம்பு போகப்போகும் உடம்பு. அக்காள் இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் கரண்டி சொல்லிக்கொண்டேயிருந்தது.

ஐம்பதைக் கடந்த சில ஆண்டுகளில், வகுப்பில் ஒரு செய்யுளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, நாலாம் அடிக்கு மூச்சு எட்டவில்லை. நிறுத்தி, மூச்சு வாங்கி, மீண்டும் தொடங்கினேன். மாணவர்கள் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று எண்ணிக்கொண்டார்கள். அந்த வாரமே மாடிப்படியில் நெஞ்சு இறுகி உட்கார்ந்துவிட்டேன். மருத்துவமனையில் என் படுக்கையருகே வந்து நின்ற மருத்துவர், என் மாணவியாக இருந்திருக்கக்கூடிய வயதுடைய இளம்பெண். “சார், இந்த தடவ தப்பிச்சிட்டீங்க. இனிமே உங்க ஒடம்ப நீங்க கொறைக்கணும். மாத்திர மட்டும் போதாது” என்று கண்டிப்பாகச் சொன்னார். செய்தி கேட்டுச் சிதம்பரத்திலிருந்து பதறி வந்த அக்காள் அப்போது அங்கே இல்லை. வெளி வராந்தாவில், எங்கள் குடும்பம் வழிபட்டுவந்த கெடில ஆற்றங்கரைக் கோயில் இருக்கும் திசை எது என்று ஒருவரிடம் கேட்டு, அந்தப் பக்கமாகத் திரும்பிக் கைகூப்பிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததும், “நீ எழுந்து நடந்தா உன் எடைக்கு எடை வெல்லம் தரேன்னு வேண்டிக்கிட்டேன்” என்றாள். பிறகு செவிலியரிடம் போய் என் எடை என்ன என்று கேட்டு வந்தாள். கேட்ட எண்ணை, மீண்டும் அந்தத் திசை பார்த்துச் சாமியிடம் முணுமுணுத்தபடியே அவள் தலையசைத்ததில் ஒரு நிறைவு இருந்தது.

அந்த நேர்த்திக்கடனைச் செலுத்த அவள் உடனே முற்படவில்லை. “ஒடம்பு தேறட்டும், அப்புறம் போவலாம்” என்றாள். மருத்துவரும் உடம்பு தேற வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார். இருவரும் காத்திருந்தது எதிரெதிரான இரண்டு உடம்புகளுக்காக.

நான் நடக்கத் தொடங்கினேன். விடியற்காலையில் தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக்குப் போய், படகுகள் கிடக்கும் இடத்திலிருந்து கலங்கரை விளக்கத்தின் பக்கமாக மணலில் நடப்பேன். முதல் மாதங்களில் கால்தான் வலிக்கும் என்று எண்ணியிருந்தேன். வலித்தது வேறோர் இடம். பிற்பகல் நான்கு மணிக்குக் கல்லூரிச் சிற்றுண்டிச் சாலையிலிருந்து வடை வேகும் மணம் வரும்போது, எழுந்து போகாமல் நாற்காலியிலேயே அமர்ந்திருப்பேன். அப்போது கைகளை எங்கே வைப்பது என்று தெரியாது. மேசை இழுப்பறையைத் திறப்பேன், மூடுவேன். அது பசியன்று என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. யாரேனும் வந்து ‘சாப்பிடுகிறாயா’ என்று கேட்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கேட்கும் குரல் தொலைவில் சிதம்பரத்தில் இருக்க, அதன் இடத்தில் இத்தனை ஆண்டுகளாக வடையையும் போண்டாவையும் வைத்து நிரப்பியிருக்கிறேன். இதை அறிந்துகொண்டதால் நாக்கு அடங்கிவிடவில்லை. சில நாள்களில் வென்றேன். சில நாள்களில், படித்த நூலை மூடி வைத்துவிட்டு, குனிந்த தலையோடு படியிறங்கிப் போய்த் தின்றேன்.

உடம்பு குறையக் குறைய, வாழ்த்து வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். எங்கள் ஊரில் மெலிந்தவனுக்கு வாழ்த்து வருவதில்லை, விசாரிப்பு வருகிறது. பால் வாங்கும் இடத்தில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சுகருங்களா சார்? எங்க மச்சானுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிது” என்றார். அந்த மச்சானுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. கடற்கரையில் உடன் நடப்பவர் ஒருவர், சிப்காட் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், “பாதி ஆளா ஆயிட்டீங்களே சார், மீதிய எங்க அடமானம் வெச்சீங்க?” என்பார். சட்டைகளைச் சிறுத்துத் தைக்கக் கொடுத்தபோது தையற்காரர் அளவெடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “உள்ளார துணிய விட்டு வெக்கிறேன் சார். திரும்ப ஏறிச்சின்னா பிரிச்சிக்கலாம்” என்றார். அவருடைய பட்டறிவு அது. நான் சரியென்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த மடிப்புகளில் இன்னும் என் பழைய உடம்பு படுத்திருக்கிறது என்று தோன்றியது.

ஆனால் என்னை உண்மையாகவே நிலைகுலைய வைத்தது ஒரு காலை நேரம். மழித்துக்கொள்ளக் கண்ணாடி முன் நின்றவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கன்னச்சதை வற்றி, தாடையெலும்பு வெளிப்பட்டு, கண்ணுக்கடியில் ஒரு குழிவு விழுந்து, எங்கள் அப்பா அங்கே நின்றார். நான் பார்த்த அந்தக் கடைசி ஆண்டின் அப்பா. மருத்துவர் என் குருதி சீராக இருக்கிறது, நெஞ்சு நன்றாக இயங்குகிறது என்று சொல்லியிருந்தார். மாடியேறினால் மூச்சு வாங்கவில்லை. நாலடியையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது. எல்லாம் தெரிந்த எனக்கே அந்த முகம் அச்சத்தைத் தந்தது என்றால், ஒன்றும் தெரியாத அக்காளுக்கு அது என்னவாகத் தெரியும்?

அது பொங்கலன்று தெரிந்தது. அதுவரை ஞாயிறுகளில் போனபோதெல்லாம் ஒன்றிரண்டு கரண்டிகளை வேண்டாமென்று தடுத்திருந்தேன், இலையை மடிக்க மட்டும் துணிந்ததில்லை. சிதம்பரத்து வீட்டுக் கூடத்தில் வழக்கம்போல இலை விரித்திருந்தாள். என்னைக் கண்டதிலிருந்தே அவள் பேச்சுக் குறைந்திருந்தது. அக்காளின் கணவரான மாமாதான் பேசிக்கொண்டிருந்தார். அவர் எதையும் கேலியின்றிச் சொல்ல அறியாதவர். “வா மச்சான். கதவு சந்துலயே பூந்து வந்துட்டியா, தெறக்கவே வேணாம் போலக்கீது?” என்று வரவேற்றார். உண்ண உட்கார்ந்தோம். சோற்றில் பாதியும் காய்கறி முழுவதும் உண்டேன். கொத்சு அத்தனை நன்றாக இருந்தது. அதைச் சொன்னேன். பிறகு, அவள் கை வருவதற்கு முன்பே, வாழ்நாளில் முதன்முறையாக இலையை மடித்தேன்.

கரண்டியோடு அவள் அப்படியே நின்றாள்.

“நல்லா இல்லியாடா?”

“ரொம்ப நல்லா இருக்குக்கா. போதும்.”

“அப்பாவும் இப்படித்தான் சொல்வாரு” என்றாள். “‘நல்லா இருக்கும்மா, போதும்’னு.”

அக்காள் உள்ளே போய்விட்டாள். அடுக்களையில் பாத்திரம் கழுவும் ஓசை வெகுநேரம் கேட்டது. அவ்வளவு பாத்திரங்கள் அன்று இல்லை. நான் பின்னாலேயே போய், மருத்துவர் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். நடக்கிறேன், நன்றாகத் தூங்குகிறேன், மாத்திரைகள் குறைந்திருக்கின்றன என்றேன். அவள் முகம் திருப்பாமலே, “டாக்டருங்க அன்னிக்கும்தான் நல்லா ஆயிடும்னாங்க” என்றாள். பிறகு, “இனிமே நீ வந்தா எனக்கு என்னா செய்யறதுன்னு தெரியலடா” என்று மெதுவாகச் சொன்னாள்.

அந்தச் சொல்தான் என்னைப் பேருந்து நிலையம் வரை துரத்தி வந்தது. வழியனுப்ப வந்த மாமா, கேலியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். “நீ வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்கு அவ சரியா இருக்கறதில்ல மச்சான். நீ வேணான்னு சொல்ற சோத்த வேற யாருக்கும் போடறதுமில்ல, கொட்டறதுமில்ல. தானே ஒக்காந்து துன்றா. நீ கழட்டிப் போட்ட சதைய எல்லாம் உங்க அக்கா எடுத்து மாட்டிக்கினு கீறா” என்றார். கடைசி வாக்கியத்தில் கேலி திரும்பி வந்துவிட்டது; ஆனால் நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. அக்காள் அடுக்களையில் ஒரு காலைச் சாய்த்து நின்றதும், எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டதும் அப்போதுதான் நினைவில் வந்து பொருந்தின.

என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. அவள் மனம் ஆறும்படி உண்டால் மருத்துவருக்குக் கொடுத்த சொல்லும் என் நெஞ்சும் கெடும். மறுத்தால் அவள் ஒவ்வொரு முறையும் அப்பாவை இழப்பாள். நோய்க்கு மருந்து இருந்தது. இதற்கு மருந்தைத் தெரிந்தவர் யாரும் இல்லை. இரண்டு மாதம் நான் சிதம்பரத்துக்குப் போகவில்லை. நாங்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டோம். மழையைப் பற்றியும் உறவினர் திருமணங்களைப் பற்றியும் பேசினோம். உணவைப் பற்றிய ஒரு சொல்லும் எங்களுக்கிடையே வரவில்லை.

பங்குனியில் ஒருநாள் அவளே அழைத்தாள். “வேண்டுதல தள்ளிப் போட்டுக்கினே இருந்ததாலதான் நீ இப்படி ஆயிட்டியோன்னு தோணுது. வெள்ளிக்கெழம கோயிலுக்கு வந்துடு. நானும் உங்க மாமாவும் வெல்லத்தோட வந்துடறோம்” என்றாள்.

கெடிலக் கரையிலிருக்கும் அந்தக் கோயிலின் வெளி மண்டபத்தில், உத்திரத்திலிருந்து இரும்புச் சங்கிலிகளில் தொங்கும் பெரிய தராசு ஒன்று உண்டு. ஒரு தட்டில் வேண்டிக்கொண்டவரை அமர்த்தி, மறுதட்டில் அரிசியோ வெல்லமோ வாழைப்பழமோ நிகராக வைத்துக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் போனபோது அக்காள் மூட்டைகளுக்கருகே நின்றிருந்தாள். நெல்லிக்குப்பத்துப் பக்கம் கரும்பு பயிரிடும் உறவினர் ஒருவரிடம் சொல்லிவைத்து, உருண்டை வெல்லமாக வாங்கி வந்திருந்தார்கள். பட்டுப் புடைவையில், நெற்றி நிறைய நீற்றோடு, அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு பார்வையை விலக்கிக்கொண்டாள்.

நான் தட்டில் சம்மணமிட்டு அமர்ந்தேன். கோயில் ஊழியர் மறுதட்டில் வெல்லத்தை அடுக்கினார். ஒரு மூட்டை பிரிந்தது, அடுத்தது பிரிந்தது, மூன்றாவது பிரிந்து பாதியில் என் தட்டு தரையை விட்டு மெல்ல எழுந்து, முள் நடுவில் வந்து நின்றது. “சரியாயிடுச்சிம்மா. சாமிய வேண்டிக்கிங்க” என்றார் அவர்.

அக்காள் அசையவில்லை. “மீதியையும் வைங்க” என்றாள்.

“முள்ளு நடுவுல நிக்குது பாருங்கம்மா. இதுக்கு மேல வெச்சா அவரு மேல போயிடுவாரு.”

“நான் சாமிகிட்ட சொன்ன எடை இது இல்லிங்க. ஆஸ்பத்திரில இவன் என்னா எடை இருந்தானோ அதச் சொல்லித்தான் வேண்டிக்கிட்டேன். கொறச்சிக் குடுத்தா எப்படி?”

ஊழியர் மாமாவைப் பார்த்தார். மாமா கையை விரித்தார். செவிலியரிடம் அவள் அன்று கேட்டு வந்த எண் அவளுக்கு வெறும் எண்ணாக இருந்ததில்லை என்பது எனக்கு அந்தத் தட்டில் அமர்ந்தபடிதான் விளங்கியது. அவள் காப்பாற்றித் தரச் சொல்லி இறைவனிடம் ஒப்படைத்த தம்பி அந்த எடையுள்ளவன். அதில் ஒரு பங்கு காணாமற்போயிருக்கிறது, யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், எடுப்பவர் இன்னும் எடுப்பார் என்ற அச்சம் அவளுக்கு.

“வைங்க” என்றேன் நானும்.

மிச்ச வெல்லமும் ஏறியது. வெல்லத் தட்டு கீழே இறங்கித் தரையில் அமர்ந்தது. நான் சங்கிலியைப் பற்றிக்கொண்டு மேலே போனேன். தட்டு சாய்ந்ததில் சம்மணம் கலைந்து, வெறுங்கால்கள் இரண்டும் விளிம்புக்கு வெளியே தொங்கின. மண்டபத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அய்யோ, மச்சான் மேலோகம் போறாரு, யாராச்சும் காலப் புடிங்க!” என்று மாமா கூவினார். “வாயக் கழுவுங்க, கோயில்ல நின்னுக்கினு பேசற பேச்சா இது!” என்று சீறியபடி அக்காள் உண்மையாகவே பாய்ந்து வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்தவள் அண்ணாந்து என்னைப் பார்த்தாள். நான் அஞ்ச வேண்டிய தருணம் அது. ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊஞ்சலில் ஏறிய பிள்ளையைப் போல, அடக்க முடியாமல், மூச்சு முட்டாமல், நெடுநேரம் சிரித்தேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சிரித்து முடிக்கும்போது எனக்கு மூச்சு வாங்கும் என்று காத்திருந்தவளைப் போல நின்றாள்.

“எறக்குங்க இவன” என்றாள் பிறகு.

என்னை இறக்க வேண்டுமானால் கூடுதலாக வைத்த வெல்லத்தை எடுக்க வேண்டும். ஊழியர் சாக்கை விரித்துப் பிடிக்க, அவளே குனிந்து உருண்டை உருண்டையாக எடுத்து அதில் போட்டாள். அது அவள் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது. எடுத்துக்கொண்டேயிருந்தாள். முள் மீண்டும் நடுவுக்கு வந்தபோது சாக்கு பருத்து நின்றது. அதன் வாயை முறுக்கிப் பிடித்து நகர்த்திப் பார்த்தாள், நகரவில்லை. இரண்டு கையாலும் தூக்க முயன்றாள், முழங்கால் இடங்கொடுக்கவில்லை. ஊழியர் உதவிக்கு வந்தபோது அவரைத் தடுத்துவிட்டு, சாக்கின் மேல் கையை ஊன்றி நிமிர்ந்து, என்னைப் பார்த்தாள்.

“இவ்ளோத்தையாடா தூக்கிக்கினு எங்க வூட்டுக்கு வந்து போயினு இருந்த?”

“ஆமாக்கா.”

“மாடிப்படி ஏறுவியே, அப்பவும்?”

“அப்பவும்தான்.”

சாக்கைக் கையால் தட்டிப் பார்த்தாள், சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதைப் போல. பிறகு கோயிலுக்குச் சொன்னது கோயிலுக்கே என்று அந்தச் சாக்கையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிவிட்டாள். “நல்ல வேள, திருப்பி வூட்டுக்கு எடுத்தாரல. இல்லாட்டி அதையும் நீயே துன்னு தீத்திருப்ப” என்றார் மாமா. அவள் அவரை முறைத்தாள். முறைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் கை தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. பார்த்தும் பாராதவர்போல நாங்கள் இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

வழிபாடு முடிந்து மண்டபத்துப் படியில் அமர்ந்தோம். மாமா செருப்புகளை எடுத்துவரப் போயிருந்தார். எனக்கு ஒரு படி மேலே உட்கார்ந்திருந்த அக்காள், குனிந்து என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். இத்தனை மாதங்களாக விலக்கிக்கொண்ட பார்வையால் இப்போது நிறுத்திப் பார்த்தாள்.

“அப்பா மாரியே கீறடா” என்றாள்.

எனக்குத் தெரிந்ததுதான். நான் கண்ணாடியில் கண்டு அஞ்சியதும் அதுதான். “தெரியும்க்கா. கடைசில இருந்தாரே, அப்படி” என்றேன்.

“இல்லடா” என்றாள். “அது இல்ல. நீ பொறக்கறதுக்கு முந்தி. ஆலைல புதுசா சேந்த சமயம். ஒடம்பே இருக்காது அவருக்கு. என்னத் தோள்ல தூக்கி வெச்சிக்கினு இந்தப் படியிலதான் விடுவிடுன்னு எறங்கி வருவாரு. நான் பயந்துக்கினு அவரு கழுத்தக் கட்டிப் புடிச்சிப்பேன். சிரிப்பாரு. சிரிச்சா கழுத்து நரம்பு அப்படியே தெரியும்.” என் கழுத்தைப் பார்த்தாள். “மறந்தே போச்சிடா எனக்கு. அந்தக் கடைசி மொகம் வந்து இத மறச்சிடுச்சி.”

பருத்த அப்பாவையும் நோயுற்ற அப்பாவையும் மட்டுமே நான் அறிவேன். அவர்களுக்கு முன்னால், ஒரு சிறுமியைத் தோளில் சுமந்து மூச்சு வாங்காமல் படியிறங்கிய மெலிந்த இளைஞர் ஒருவர் இருந்தார் என்பதை அன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவர் எப்படி இருப்பார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அக்காள் தன் உள்ளங்கையை என் கழுத்தில் வைத்து, நரம்பு தெரியும் இடத்தை விரலால் தடவி, “இங்கதான் புடிச்சிப்பேன்” என்றாள்.